மேல் பல்லைப் பற்றி நீ கேள்விப்பட்டது

மகனே, நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. பத்திரிகைக்கு எந்த நிறக் காகிதம், பெண் வீட்டார் எந்த ரயிலில் வருகிறார்கள், மேளக்காரருக்கு யார் சொல்லிவிடுவது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியிருக்கிறாயே, அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. இடது பக்க மேல் பல் ஒன்று உன்னைத் தூங்க விடவில்லையாம். அதை எடுத்துவிட வேண்டும் என்று பிலாய் டாக்டர் சொல்லிவிட்டாராம். "நைனாவுக்கு ஆனதுபோல எனக்கும் ஆகிவிட்டால் என்ன செய்வது, கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்" என்று முடித்திருக்கிறாய். நைனாவுக்கு என்ன ஆனது என்று உனக்கு யார் சொன்னது? புத்தூரிலிருந்து உன் பெரியப்பாதான் எழுதியிருப்பார். பல்லைப் பிடுங்கினான், கண் போய்விட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

நீ ரயிலேறிய பிறகு இங்கே நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை என்பது உண்மை. பிள்ளை புது வேலையில் இருக்கிறான், பதறிப்போய் ஓடி வந்துவிடுவான் என்று உன் நைனா எழுத விடவில்லை. இப்போது அவரைக் கேட்காமல் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் உன்னைப் பந்தல் ஓரமாக இழுத்துப்போய் இந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால், கூடவே இருந்தவள் சொல்வதைக் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு, மஞ்சள் பூசுவதற்கு முன்னாலேயே போய் அந்தப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிறந்ததே, அந்த வருஷம்தான் அவருக்கு முதல் வலி வந்தது. நீ திருப்பதியில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாய். இதெல்லாம் உனக்கு நினைவிருக்காது. இடது பக்கம் மேல் பல். கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார், கடைசியில் தாங்காமல் கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த பல் டாக்டரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் ஒரு சின்னக் கம்பியால் தட்டினார். இவர் நாற்காலியோடு சேர்ந்து எழும்பினார். வேர் அழுகிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "மேல் பல்லுங்களா?" என்று இவர் கேட்டார், அந்தப் பல் யார் வாயிலோ இருப்பதுபோல. "மேல் பல்லே" என்றார் டாக்டர். அவ்வளவுதான். எச்சில் துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போயிருக்கிறார். நான் டாக்டருக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அந்தத் துணியைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். என்றாவது ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேல் பல்லின் நரம்பு கண்ணுக்குப் போகிறது, பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. இன்ஜின் ஓட்டுகிறவனுக்கு அது சோறு. ரயில்வே டாக்டர் முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் படிக்க வேண்டும்; இருட்டறையில் சிவப்பா பச்சையா என்று சொல்ல வேண்டும். ஒரு கண் தவறினாலும் மறுநாள் இன்ஜின் கிடையாது. அதனால் ரேணிகுண்டா ஷெட்டில் எவனும் மேல் பல்லைத் தொட விடமாட்டான். கன்னம் வீங்கிய டிரைவர் யாராவது ஒருவர் எப்போதும் அங்கே இருப்பார். பாகாலாவில் ஒரு டிரைவர் பல்லை எடுத்த கையோடு கண்ணை இழந்தார் என்று ஒரு கதை வைத்திருந்தார்கள். பல்லை எடுப்பதற்கு முன்னால் அவருக்குக் கண் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

வலி தானாக அடங்கிவிட்டது. பல் செத்துவிட்டால் வலிக்காது என்று எங்களுக்குத் தெரியாது. குணமாகிவிட்டது என்று நினைத்தோம். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை கன்னம் வீங்கும், ஈறில் உடைந்து வடியும், அடங்கும். வடிந்துவிட்டால் "பாத்தியா, தானா போய்க்கினு இருக்கு" என்று என்னையே கேலி செய்வார். நீ முறுக்கைக் கடித்துத் தின்னும்போது அவர் மட்டும் உடைத்து வலது பக்கமாக ஒதுக்கி மெல்லுவாரே, நீகூட அதைப் போலச் செய்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பாயே, அதுதான். நீ பிலாய்க்குப் புறப்பட்ட அன்று பிளாட்பாரத்தில் கையால் கன்னத்தை மூடிக்கொண்டு நின்றார். அழுகையை மறைக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய். அழுகையும் இருந்தது, வீக்கமும் இருந்தது.

அதற்கு அடுத்த கோடையில், சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று எங்கே பார்த்தாலும் கூட்டமும் கொடியுமாக இருந்த சமயம், வீக்கம் வந்தது. இந்தத் தடவை உடையவும் இல்லை, அடங்கவும் இல்லை. கன்னத்திலிருந்து மேலே ஏறியது. கண்ணுக்குக் கீழே பை கட்டிக்கொண்டது, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. லீவு போடுங்கள் என்றேன். "லீவு போட்டா டாக்டர் பாப்பாரு. டாக்டர் பாத்தா கண்ணப் பாப்பாரு. சும்மா இருமே" என்றார். தலையோடு சேர்த்துக் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். கரிப் புகைக்குக் கட்டியிருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் முனுசாமி வீட்டுக்கு வந்தான். உன் நைனாவின் இன்ஜினில் கரி போடுகிற ஃபயர்மேன், சத்தியவேடு பக்கத்துப் பையன், நீ பார்த்திருக்கிறாய். அவர் டியூட்டி முடிந்து உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முனுசாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அண்ணன் சிக்னல் சொல்றதில்ல" என்றான்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, இன்ஜினில் சிக்னலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். டிரைவர் இடது பக்கம் நின்று தான் பார்த்ததைச் சொல்வார். ஃபயர்மேன் வலது பக்கம் எட்டிப் பார்த்துத் தான் பார்த்ததைச் சொல்வான். இரண்டும் ஒன்றாக இருந்தால் போகலாம். வேறு வேறாக இருந்தால் பிரேக்கைப் போட வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வதற்காக வைத்த வழக்கம் இல்லை அது. தனித்தனியாகப் பார்ப்பதற்காகத்தான் இரண்டு பேரை ஏற்றி அனுப்புகிறார்கள்.

"நான் சொன்ன பின்னாடிதான் சொல்றாரு அண்ணி. நான் பச்சைன்னா பச்சை. நான் சேப்புன்னா சேப்பு. மொதல்ல கவனிக்கல. ஒருநா நான் வேணும்னே வாய மூடிக்கினு இருந்தேன். அவரும் சொல்லல. என்னையே பாத்துக்கினு இருந்தாரு." சொம்பை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினான். "நேத்து சித்தூர் தாண்டி, காட்பாடி போற லைன்ல, ஜனங்க வந்து தண்டவாளத்துல குந்திக்கினாங்க. எல்லைப் போராட்டக்காரங்க. லைன் லெப்ட்ல வளையுற எடம் அண்ணி. அங்க எனக்கு ஒண்ணும் தெரியாது, இன்ஜினே மறச்சிக்கும். அவருக்குத்தான் தெரியும். அவரு பாத்துக்கினுதான் நிக்கிறாரு. ஒண்ணும் சொல்லல. சரி, லைன் காலியாத்தான் இருக்குதுன்னு நான் கரி போடக் குனிஞ்சேன். அப்பறம் ஒரு பொம்பள கத்துற சத்தம் கேட்டுச்சு. நான் கத்தினேன். அப்பறந்தான் பிரேக்கப் புடிச்சாரு."

நிற்கும்போது இன்ஜினுக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் இடம்கூட இல்லையாம். கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாளாம். சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஒருவன் வெகு தூரத்திலிருந்தே எதிரே ஓடி வந்திருக்கிறான். அவனையும் உன் நைனா பார்க்கவில்லை. காற்று பட்டால் வீக்கம் கொதிக்கிறது என்று தலையை வெளியே நீட்டாமல் அந்த இடது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை. கூட்டம் இன்ஜினைச் சூழ்ந்துகொண்டது. தமிழர்கள் மேல் வண்டியை ஏற்ற வந்த ஆந்திராக்காரன் என்று பாதிப் பேர் கத்தினார்களாம். இவர் தமிழில் பதில் சொன்னதும், காசுக்குச் சோரம்போன தமிழன் என்று மீதிப் பேர் கத்தினார்களாம். ஒரு கல்லும் விழுந்தது. இவர் ஒன்றும் மறுக்கவில்லை. பயமுறுத்துவதற்காகக் கிட்டே வந்து நிறுத்தினார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டது இவருக்கு வசதியாகப் போய்விட்டது.

"நான் ரிப்போர்ட் பண்ணணும் அண்ணி. பண்ணா அண்ணன் வேல பூடும். பண்ணலன்னா..." என்று சொல்லி முனுசாமி அழுதுவிட்டான். அவனுக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்ததே உன் நைனாதான். அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் அவன். "ரெண்டு நாள் பொறுத்துக்கோ" என்றேன். 

அன்று சாயங்காலம் அவர் எழுந்ததும் காப்பி கொடுத்தேன். நம் குவார்ட்டர்ஸ் பின்கட்டிலிருந்து பார்த்தால் மெட்ராஸ் போகிற லைனின் சிக்னல் தெரியுமே, விளக்கேற்றும் நேரத்தில் அங்கே அழைத்துக்கொண்டு போனேன். பின்னால் நின்று அவருடைய வலது கண்ணை என் கையால் பொத்தினேன். "இன்னாமே இது, சின்னப் பொண்ணாட்டம்" என்று சிரித்தார். "சிக்னல் சொல்லுங்க" என்றேன். சிரிப்பு நின்றது.  பிறகு, வண்டியில் சொல்கிற அதே உறுதியான குரலில், "பச்சை" என்றார்.

சிவப்பு, மகனே. பளிச்சென்று சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அந்த நேரத்துக்கு மெயில் வண்டி வரும், தினமும் அப்போது பச்சைதான் இருக்கும். எங்கோ மறியல் என்று அன்றைக்கு மெயில் லேட். அது தூங்கி எழுந்தவருக்குத் தெரியவில்லை. டைம் டேபிளைப் பார்த்துச் சொல்லிவிட்டார், விளக்கைப் பார்த்துச் சொல்லவில்லை. "இப்படித்தான் வண்டி ஓட்டிக்கினு இருக்கீங்களா? அந்தப் பொம்பள கைல கொழந்த இருந்துச்சாமே?" என்று கேட்டேன்.  அவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத ஒன்றை அன்றுதான் கேட்டேன். "பயமா கீதுமே" என்றார்.

மறுநாள் காலை முதல் வண்டியில் திருப்பதிக்குப் போனோம். பெட்டியிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். வண்டி முழுக்க மஞ்சள் வேட்டிகளும் கோவிந்தா சத்தமும். இவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். ஸ்டேஷனில் இறங்கியதும், "மொதல்ல மலைக்குப் போய் சாமியப் பாத்துட்டு வந்துடலாமே" என்றார். "சாமி எங்கயும் போவாது" என்று சொல்லி ஜட்கா வண்டியில் ஏற்றினேன். டாக்டர் வீட்டு வாசலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். வலியே இல்லை, அடங்கிவிட்டது என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விடவில்லை.

டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. அதே நாற்காலி, அதே டெட்டால் வாசனை. இவரை அவருக்கு நினைவில்லை. நான் துணியை எடுத்து நீட்டியதும் நினைவு வந்துவிட்டது. "ஓகோ, பாரிப்போயின டிரைவர்காரு!" என்றார். ஓடிப்போன டிரைவர் என்று பேர் வைத்திருக்கிறார். "இன்னி ஏள்ளு எக்கட உன்னாரு சார் நீங்க?" இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார். லீவு கிடைக்கவில்லை என்றார் உன் நைனா. பயந்துக்கினு இருந்தாரு என்றேன் நான். டாக்டர் சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தார். கன்னத்தைப் பார்த்தார், இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"இந்தக் கண்ணுல தெரியுதா?" என்று இவரைக் கேட்டார். இவர் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இல்ல" என்று நான் சொன்னேன்.

"பல்ல எடுத்தா கண்ணு போவுமா டாக்டர்?" என்று உன் நைனா கேட்டார். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த கேள்வி. டாக்டருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. "எடுத்தா போவாதய்யா! எடுக்காததால போய்க்கினு இருக்குது! பல்லுல இருக்கிற சீழு மேல ஏறி கண்ணு பின்னால நிக்குது. அப்புடே, அப்பவே வந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்கும். இப்ப ஒரு பூட, அர நாள் லேட் பண்ணாலும் கண்ணு மட்டும் இல்ல, உயிருக்கே நான் சொல்ல முடியாது." பல்லை இப்போதே எடுப்பதாகவும், எடுத்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெனிசிலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி, அவர் கம்பவுண்டரை அனுப்பி ஜட்காவைத் தெருவிலேயே நிற்கச் சொன்னார்.

மரத்துப்போக ஊசி போட்டார். சீழ் கட்டியிருந்ததால் அது சரியாகப் பிடிக்கவில்லை. அதை உனக்கு மறைக்கமாட்டேன். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற என் கையை அவர் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறிவிட்டது. டாக்டர் இழுத்தார், நிறுத்தினார், மறுபடியும் இழுத்தார். பல் வந்ததும் அதன் பின்னாலேயே வந்த சீழும் நாற்றமும் அந்த அறையை நிரப்பிவிட்டன. கம்பவுண்டர் ஜன்னலைத் திறந்தார். என் மனிதர் வாய்க்குள் இத்தனை வருஷம் இதுவா இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் அந்தப் பல்லைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். ஒரு புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தோம். முதல் சில நாள் அவர் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. உனக்குத் தந்தி அடிக்கப் போஸ்டாபீஸ் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். பிறகு காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வற்றியது, இமை திறந்தது. திறந்த கண் கண்ணாகத்தான் இருந்தது. ஆனால் அதில் மூட்டம் போகவில்லை. கொஞ்சம் திரும்பும், முழுதும் திரும்பாது, சீழ் கண்ணுக்குப் பின்னால் அதிக நாள் நின்றுவிட்டது என்று கண் டாக்டர் சொன்னார்.

உன் பெரியப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன், மேல் பல்ல தொடாதடான்னு. பாத்தியா, புடுங்கினான், பூடுச்சு. அந்த டாக்டர் மேல பிராது குடுத்தாவணும்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் உன் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் மேல் தப்பே இல்லாமல் போய்விடும். ஊரே அவர் பக்கம் நிற்கும். சித்தூர் வளைவில் நடந்ததுகூட யாருக்கும் தெரியாமல் போய்விடும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. ரயில்வே டாக்டர் கண் பார்க்க வரச் சொல்லியிருந்த தேதி நெருங்கியது. அந்த எழுத்துப் பலகை எல்லா டிரைவருக்கும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார்கள். விளக்கைச் சொல்வதற்கும் ஏதோ தந்திரம் இருக்கிறதாம், ஷெட்டிலிருந்து இரண்டு பேர் வந்து குசுகுசுவென்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான். எனக்கு அவர்களைத் துடைப்பத்தால் அடிக்கலாமா என்று இருந்தது. முனுசாமியும் வந்தான், வாசலில் நின்றுவிட்டுப் போனான். ரெண்டு நாள் பொறு என்று நான் கேட்டதற்காக, அவன் இன்னும் ரிப்போர்ட் பண்ணாமல் இருந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் அவராகவே பின்கட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வலது கண்ணைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். "நீ எதுவும் சொல்லாதமே" என்றார். மெயில் வருகிற நேரம். பச்சை எரிந்துகொண்டிருந்தது. அது பச்சையாகத்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரொம்ப நேரம் பார்த்தார். வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிறகு சத்தமாக, இன்ஜினில் சொல்வதுபோல, "தெரியல" என்றார்.

மறுநாள் ரயில்வே டாக்டர் பலகையைக் காட்டுவதற்கு முன்னாலேயே, இடது கண் தெரியவில்லை, வளைவில் நடந்தது இது என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். அவருக்குத் தண்டனையும் இருந்தது, அது இருக்க வேண்டியதுதான். இப்போது ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. சம்பளம் குறைந்துவிட்டது, உன் கல்யாணத்தில் அது தெரியும், நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முனுசாமி வேறொரு டிரைவரோடு போகிறான். வாராவாரம் வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போகிறான், இவரும் அவனோடுதான் கொஞ்சம் சிரிக்கிறார். இரண்டு கவர்ன்மெண்டும் பேசி முடித்து, திருத்தணி மெட்ராஸுக்கு, சித்தூரும் நாமும் ஆந்திராவுக்கு என்று கோடு போட்டாகிவிட்டது. அந்த வளைவில் இப்போது யாரும் உட்காருவதில்லை. ஆனால் அந்த வண்டி சித்தூரைத் தாண்டியிருக்கும் நேரம் எனக்குத் தெரியும். தினமும் அந்த நேரத்தில் கை வேலையை நிறுத்திவிடுகிறேன்.

இன்னும் கொஞ்ச நாளில் ஒருத்தி உன் கையைப் பிடிக்கப் போகிறாள். அவளுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அவளுக்கு அவள் அம்மா இருக்கிறாள். உனக்குத்தான் சொல்கிறேன். அவள் பார்த்ததை அவள் சொல்லட்டும், நீ பார்த்ததை நீ சொல். சண்டை வேண்டாமே என்று அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதே. நீ சொன்னதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உன் நைனாவுக்கு ஒரு கண் செலவாகிவிட்டது. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அன்று பின்கட்டில் அதைச் சொன்னாரே, அந்த மனிதர் மேல் இருக்கிற பிரியம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

கல்யாணப் படத்தில் பல் இல்லாமல் பல்லைக் காட்டுவது எப்படி என்று கவலைப்படாதே. மேல் பல், ஓரப் பல், யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஷெட்டிலிருந்து வந்துவிட்டார். யாருக்கு இவ்வளவு பெரிய கடுதாசி என்றார். மறைக்கவில்லை, உன் கடிதத்தின் ஓரத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "மேல் பல்லா?" என்று மறுபடியும் கேட்டார். "மேல் பல்லு. இடது பக்கம்" என்றேன். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறிப்போனது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எம் பேரச் சொல்லித் தள்ளிப் போட்டான்னா, இந்தக் கண்ணு சும்மா போனதா ஆயிடும்னு எழுதுமே."

எழுதிவிட்டேன். நாளைக்கே போ.

உன் அம்மா